தானா ஆஃப் ஆகும் சிஸ்டம்: பாகத்தை மாற்றும் முன் காரணத்தைக் கேளுங்கள்

"அண்ணாச்சி, நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு தானா ஆஃப் ஆயிட்டு."

தூத்துக்குடியில் கணினி சர்வீஸ் கடைக்கு சிபியு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் பலரும் இந்த ஒரு வாக்கியத்தோடுதான் வருகிறார்கள். அதற்குக் கிடைக்கும் பதிலும் பழகியதுதான். "எஸ்.எம்.பி.எஸ். போயிருக்கும்", "போர்டு போயிருக்கும்", அதுவும் இல்லையென்றால் "ரொம்ப பழைய சிஸ்டம், புதுசு வாங்கிடுங்க".

இந்தப் பேச்சில் ஒரு கேள்வி மட்டும் விடுபட்டுப்போகிறது. எப்போது அணைகிறது, எப்படி அணைகிறது? இதற்குப் பதில் தெரியாமல் பாகத்தை மாற்றுவது, காய்ச்சல் என்று வந்தவருக்கு ரத்தப் பரிசோதனை செய்யாமலே மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுப்பது போலத்தான். சில நேரம் சரியாகும். பல நேரம் காசு போகும், பிரச்னை அப்படியே இருக்கும்.

வீட்டுக் கணினி திரும்பத் திரும்பத் தானாக அணைந்தால், அது செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறது என்றுதான் அர்த்தம். கடலும் உப்பளமும் சூழ்ந்த தூத்துக்குடி போன்ற ஊரில், அதற்கான காரணமும் பல நேரம் சாதாரணமானதாகவே இருக்கும்.

முதல் வேலை: கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

காரணம் தேடுவதற்கு முன்பே ஒன்றைச் செய்துவிட வேண்டும். பிள்ளைகளின் புராஜெக்ட், குடும்பப் படங்கள், ஆதார் மற்றும் பத்திர ஸ்கேன்கள், கடையின் கணக்கு ஆகியவற்றை பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்கிலோ கூகுள் டிரைவிலோ நகல் எடுத்துவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் டிஸ்கில் உள்ள கோப்பு சிதையலாம். இன்று பத்து நிமிடம் ஓடும் கணினி நாளை ஓடும் என்று உத்தரவாதம் கிடையாது. பாகம் போனால் வாங்கலாம், பத்து வருடப் படங்களை வாங்க முடியாது.

எப்படி அணைகிறது என்று பாருங்கள்

'ஆஃப் ஆயிட்டு' என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு சம்பவங்கள் இருக்கின்றன.

ஒன்று, பிளக்கைப் பிடுங்கியது போல ஒரு நொடியில் எல்லாம் இருண்டுபோவது. இது பெரும்பாலும் வெப்பம் அல்லது மின்சாரம் சார்ந்தது. இரண்டு, நீலத் திரை ஒரு கணம் தெரிந்து, கணினி தானாக மறுபடி ஓடத் தொடங்குவது. இங்கே டிரைவர் மென்பொருள், ரேம், டிஸ்க் ஆகியவற்றின் மேல் சந்தேகம் போக வேண்டும். மூன்று, முறைப்படி 'ஷட்டிங் டவுன்' என்று காட்டிவிட்டு அணைவது. இது பழுதே இல்லாமல் இருக்கலாம். விண்டோஸ் அப்டேட், ஏதோ ஒரு நிரல் அல்லது உள்ளே அமுங்கிச் சிக்கிக்கொண்ட பவர் பட்டன் இதைச் செய்யும்.

அடுத்து, நேரம். ஒரு தாளில் ஒரு வாரம் குறித்துவைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

- ஆன் செய்து பத்து, இருபது நிமிடம் கழித்தோ, கேம் விளையாடும்போதோ, வீடியோ எடிட் செய்யும்போதோ அணைந்தால்: வெப்பம்.
- தண்ணீர் மோட்டார், பிரிட்ஜ், ஏ.சி. ஓடத் தொடங்கும் கணத்தில் அணைந்தால்: மின்னழுத்தம் அல்லது யு.பி.எஸ்.
- மேசையைத் தட்டினால், ஒயரை அசைத்தால் அணைந்தால்: தளர்ந்த இணைப்பு.
- ஆன் செய்த சில நொடியிலேயே அணைந்தால்: புராசசர் விசிறி, ரேம், ஷார்ட் சர்க்யூட், பவர் பட்டன்.

விண்டோஸும் தன் பங்குக்கு ஒரு நாட்குறிப்பு எழுதிவைக்கிறது. தேடல் கட்டத்தில் 'ஈவென்ட் வியூவர்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து திறந்து, விண்டோஸ் லாக்ஸ் பகுதியில் சிஸ்டம் என்பதைப் பாருங்கள். 1074 என்ற எண் இருந்தால், எந்த நிரல் அல்லது எந்தப் பயனர் அணைக்கச் சொன்னார் என்பது பெயரோடு இருக்கும். 6008 என்றால் முந்தைய முறை எதிர்பாராமல் அணைந்தது என்று பொருள். 'கெர்னல்-பவர் 41' என்பதைப் பார்த்துப் பலர் பதறிப்போகிறார்கள். "பவர்னு போட்டிருக்கு, அப்போ எஸ்.எம்.பி.எஸ்.தான் போச்சு" என்று முடிவும் கட்டிவிடுகிறார்கள். ஆனால் 41 சொல்வதெல்லாம், கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதைத்தான். ஏன் என்று அது சொல்லாது.

வெப்பம்: அணைவதுதான் பாதுகாப்பு

இந்தக் கடற்கரையில் முத்துக்குளித்த காலத்தில், கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியவர் மூச்சு முட்டும் முன் கயிற்றை இழுத்துச் சைகை காட்டுவார். படகில் இருப்பவர் உடனே மேலே தூக்கிவிடுவார். மன்னார் வளைகுடாவில் 1961-க்குப் பிறகு அந்த முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் வீட்டு மேசையில் இருக்கும் புராசசரும் அதே வேலையைத்தான் செய்கிறது. சூடு ஏறினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் ஏறிக்கொண்டே போனால் மின்சாரத்தைத் தானே துண்டித்துவிடும். பல புராசசர்களில் வேகம் குறையும் இந்த எல்லை 100 டிகிரி செல்சியஸுக்கு அருகில் இருக்கிறது. அந்தத் துண்டிப்பு இல்லையென்றால் சிப் கருகிவிடும்.

ஆகவே கேட்க வேண்டியது 'ஏன் அணைகிறது' என்பதை அல்ல, 'ஏன் இவ்வளவு சூடாகிறது' என்பதை. பதில் பெரும்பாலும் தூசி. புராசசர் மேல் உள்ள அலுமினியத் தகடுகளுக்கு இடையில் தூசி கம்பளி போலப் படிந்திருக்கும். விசிறி சுற்றும், ஆனால் காற்று உள்ளே போகாது. புராசசருக்கும் தகட்டுக்கும் நடுவே தடவப்பட்ட தெர்மல் பேஸ்ட் சில வருடங்களில் காய்ந்து பொடியாகிவிடும். இரண்டையும் சரிசெய்ய ஆகும் செலவு, ஒரு புதிய போர்டின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம்.

நம் வீட்டுப் பழக்கங்களும் சேர்ந்துகொள்கின்றன. கம்ப்யூட்டர் மேசையின் கதவு வைத்த அறைக்குள் சிபியுவை அடைத்துவைக்கிறோம். தூசி படக்கூடாது என்று பிளாஸ்டிக் உறையைப் போட்டபடியே ஓட விடுகிறோம். லேப்டாப்பை மெத்தை மேல் வைக்கிறோம். அக்னி நட்சத்திர நாளில் அறையே 35 டிகிரிக்கு மேல் இருக்கும்போது, இந்தப் பெட்டிகள் எங்கிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கும்?

சுத்தம் செய்யும்போது பிளக்கைக் கழற்றிவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். டயர் கடை கம்ப்ரஸர் காற்று வேண்டாம், அதில் ஈரம் இருக்கும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வீட்டில் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தத்தைத் தேக்கிவைத்திருக்கும்.

உப்புக் காற்று

இந்திய உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்து உப்பளங்களுடையது. ஊரை வாழவைக்கும் அதே உப்பு, கணினிக்கு ஆகாது.

சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி நசநசவென்று ஆவது இதனால்தான். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கும். தெரேஸ்புரத்திலோ முத்தையாபுரத்திலோ ஜன்னல் ஓரம் வைத்த கணினிக்குள் படியும் தூசியில் இந்த உப்பும் கலந்திருக்கும். பகலில் அது வெறும் தூசி. இரவில் ஈரம் ஏறியதும் மின்சாரம் கடத்தும் படலம். ரேம், பவர் இணைப்பு, போர்டின் நுண்ணிய கம்பிகள் எல்லாம் மெல்ல அரிக்கப்படும்.

"ரேமைக் கழட்டி ரப்பர் போட்டுத் தேய்ச்சு மாட்டினேன், சரியாயிட்டு" என்று மெக்கானிக்குகள் சொல்வது சும்மா இல்லை. தொடுமுனையில் படிந்த படலம் போனதும் இணைப்பு திரும்புகிறது. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே வைத்தியம் தேவைப்படுகிறதென்றால், கோளாறு ரேமில் இல்லை, கணினி இருக்கும் இடத்தில் இருக்கிறது. கடல்பக்க ஜன்னலை விட்டுத் தள்ளிவைப்பது புது ரேம் வாங்குவதைவிடப் பலன் தரும். வாரக்கணக்கில் ஓட்டாமல் மூடிவைப்பதும் நல்லதல்ல. தினமும் சிறிது நேரம் ஓடினால் அந்தச் சூட்டிலேயே உள்ளிருக்கும் ஈரம் காயும்.

2023 டிசம்பர் வெள்ளத்தையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டமெங்கும் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. அப்போது நனைந்து, காயவைத்ததும் ஓடத் தொடங்கிய கணினிகளுக்குள் சேறும் உப்பும் தங்கியிருந்தால், அரிப்பு மாதக்கணக்கில் தொடரும். இன்று தானாக அணையும் சிஸ்டத்துக்கு அன்றைய தண்ணீர் காரணமாக இருக்கலாம். பழுதுபார்க்கக் கொடுக்கும்போது "வெள்ளத்தில் நனைஞ்சது" என்று சொல்லத் தயங்காதீர்கள். அந்த ஒரு தகவல் மெக்கானிக்குக்கு ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

மின்சாரமும் யு.பி.எஸ்ஸும்

தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் தலா 210 மெகாவாட் திறனுள்ள ஐந்து அலகுகள் அமைக்கப்பட்டன. மின்சாரம் தயாரிக்கும் ஊர் என்பதற்காக, வீட்டு பிளக் பாயின்ட் வரை அது சீராக வந்து சேரும் என்று சொல்லிவிட முடியாது. கோடை இரவில் தெருவில் உள்ள எல்லா ஏ.சி.யும் ஓடும்போது 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் அது கணிசமாக இறங்கலாம். மின்சாரம் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் தவறினால்கூடப் போதும், கணினியின் பவர் சப்ளை அதற்கு மேல் தாங்காது. பல்பு லேசாகக் கண்சிமிட்டும் நேரம்தான் அது.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் யு.பி.எஸ். ஆனால் பலர் வீட்டில் யு.பி.எஸ்ஸே வில்லன். அதன் பேட்டரி செத்திருக்கும். மின்னழுத்தம் இறங்கியதும் யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறும். பேட்டரியில் ஒன்றும் இல்லாததால் கணினி அணையும். பழி கணினி மேல் விழும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு ரூபாய் செலவில்லை. கணினியைக் கழற்றிவிட்டு, யு.பி.எஸ்ஸில் ஒரு மேசை விளக்கை மாட்டி எரியவிடுங்கள். பிறகு யு.பி.எஸ்ஸின் சுவிட்சை சுவரில் அணையுங்கள். விளக்கு உடனே அணைந்தால் பேட்டரி போய்விட்டது. எஸ்.எம்.பி.எஸ். வாங்கப் புறப்படும் முன் எல்லோரும் செய்து பார்க்க வேண்டிய சோதனை இது.

சிபியு பெட்டியைத் தொட்டால் 'சுரீர்' என்கிறதா? அதைச் சகஜமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எர்த் சரியில்லை என்பதன் அடையாளம் அது. உப்பு மண்ணில் எர்த் கம்பி சீக்கிரம் அரிக்கும். எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தெருவுக்கே மின்னழுத்தம் குறைகிறதென்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் புகார் பதிவு செய்யலாம். வாரியம் சரிசெய்ய வேண்டிய குறைக்கு வீட்டுக்காரர் பாகம் வாங்கிக்கொண்டிருப்பதில் நியாயமில்லை.

ஒரே அறிகுறி, வேறு நோய்

2003 ஆகஸ்ட்டில் உலகம் முழுக்க விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் '60 நொடியில் அணையப்போகிறது' என்று காட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப நின்றன. பாகம் எதுவும் பழுதாகவில்லை. பிளாஸ்டர் என்ற கணினிப் புழுதான் காரணம். அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் ஒரு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது, பலர் நிறுவவில்லை. அதே 2000-களின் தொடக்கத்தில் போர்டுகளில் இருந்த தரமற்ற கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி வெடித்து லட்சக்கணக்கான கணினிகளை முடக்கின. பார்ப்பவருக்கு இரண்டுமே 'தானா ஆஃப் ஆயிட்டு'தான். ஆனால் முதலாவதற்கு மதர்போர்டு மாற்றினாலும், இரண்டாவதற்கு விண்டோஸ் புதிதாகப் போட்டாலும் பணம் வீண்.

இன்று இந்தக் குழப்பத்தோடு ஒரு புது நெருக்கடியும் சேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. பல பழைய கணினிகளில் விண்டோஸ் 11 ஏறாது. தானாக அணையும் கணினியைக் கொண்டுபோனால், "சப்போர்ட் முடிஞ்சுட்டு, அதான்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆதரவு முடிவது பாதுகாப்புப் பிரச்னை. அதற்காகக் கணினி அணையாது. பாகங்கள் நல்ல நிலையில் இருந்தால் இலவச லினக்ஸ் போட்டு அதையே இன்னும் சில வருடம் ஓட்டலாம்.

சோதனைக்கும் கூலி உண்டு

எல்லாப் பழியையும் சர்வீஸ் கடைகள் மேல் போடுவது நியாயமல்ல. ஒரு கணினி ஏன் அணைகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு, மூன்று மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த நேரத்துக்குக் காசு கேட்டால், "சும்மா பார்த்ததுக்கா இவ்வளவு?" என்று நாமே கேட்கிறோம். புதுப் பாகத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயங்காதவர்கள், அறிவுக்கும் நேரத்துக்கும் முந்நூறு ரூபாய் கொடுக்க யோசிக்கிறார்கள். பாகம் விற்றால்தான் வருமானம் என்ற நிலையில் ஒரு கடைக்காரரை வைத்துவிட்டு, அவர் பாகம் விற்கிறார் என்று குறைசொல்வதில் அர்த்தமில்லை.

பேச்சை மாற்ற வேண்டியது வாடிக்கையாளர்தான். "என்ன காரணம்னு பார்த்துச் சொல்லுங்க, அதுக்குத் தனியா காசு தர்றேன்" என்று முதலிலேயே சொல்லிவிடலாம். பில்லில் காரணத்தை எழுதித்தரச் சொல்லலாம். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்கலாம். நேர்மையான மெக்கானிக் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

அரசுக்கும் வேலை இருக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. ஒரு பொருளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று மதிப்பெண் போடும் குறியீடு பற்றிய பேச்சும் நடக்கிறது. பிரான்சில் 2021 ஜனவரி முதலே அப்படிப்பட்ட மதிப்பெண்ணைக் கடையில் விலையோடு சேர்த்துக் காட்டுகிறார்கள். அந்தப் பட்டியலில் தொடக்கத்திலிருந்தே லேப்டாப்பும் உண்டு. தமிழ்நாட்டுக்கு இது தூரத்து விஷயமல்ல. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் கணினி வந்தது. 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கருவி தருவதாக அரசு அறிவித்தது. இவ்வளவு பெரிய அளவில் வாங்கும் அரசு, பேட்டரியும் விசிறியும் சார்ஜர் முனையும் எளிதாகக் கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டால், எந்த நிறுவனமும் கேட்காமல் இருக்காது. கொடுத்த கருவி மூன்றாம் வருடம் தானாக அணையத் தொடங்கும்போது, உப்பள வேலைக்கோ கடலுக்கோ போகும் பெற்றோர் அதற்காகப் புதுப் போர்டு வாங்க முடியாது. அந்தப் பிள்ளையின் படிப்பும் கணினியோடு சேர்ந்து பாதியில் நிற்கும்.

அடுத்த முறை சிஸ்டம் தானாக அணைந்தால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும் முன் ஒரு தாளை எடுங்கள். எத்தனை மணிக்கு அணைந்தது, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, பெட்டி சூடாக இருந்ததா, மோட்டார் போட்டார்களா, நீலத் திரை வந்ததா என்று ஐந்து வரி எழுதுங்கள். விளக்கை மாட்டி யு.பி.எஸ்ஸைச் சோதியுங்கள். அந்தத் தாளோடு கடைக்குப் போனால், 'எந்தப் பாகம் போச்சு' என்று தொடங்கும் பேச்சு 'என்ன காரணம்' என்று தொடங்கும்.